திருநீறு பூசிய இயந்திரம்

எங்கள் ஊர்க்காரருக்கு ஒல்லாந்தர் என்றால் யாழ்ப்பாணக் கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள். சரித்திரப் பாடத்தோடு அவர்களுடைய கதை முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சுவிஸில், வில் என்ற நகரத்தில் ஓர் ஒல்லாந்தர் எனக்குச் சம்பளம் தருவார் என்றோ, அவருக்கு முன்னால் நான் களவெடுத்தவன் மாதிரி முழித்துக்கொண்டு நிற்பேன் என்றோ யார் கண்டது? அவர் என்னோடு பேசியது ஜெர்மன். எனக்குள் அது எங்கள் தமிழாகவே தங்கிவிட்டதால் அப்படியே எழுதுகிறேன்.

அவரை முதலில் கண்டது ஓர் உணவகத்தின் குசினியில். வந்த புதிதில் எல்லாரையும் போல நானும் அங்கே கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு மதியம் நெட்டையான மனிதர் ஒருவர் கண்ணாடிக் குவளையைக் கையில் பிடித்தபடி நேரே உள்ளே வந்தார். குவளையை விளக்குக்கு நேரே உயர்த்தி, "இதைக் கழுவினது ஆர்?" என்றார். எல்லாரும் என்னைக் காட்டினார்கள். வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

"ஒரு பொட்டுக் கறை இல்லை. என்ரை சாமான்களையும் இப்பிடிக் கழுவுவீரோ?"

என்ன சாமான் என்று கேட்கும் அளவுக்கு எனக்குப் பாஷை இல்லை. ஓம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் முப்பது வருஷ வேலையாகிவிட்டது.

சிப் செய்யும் தொழிற்சாலைகளில் மெல்லிய சிலிக்கன் தட்டுகளை மனிதக் கை படாமல் எடுத்து வைக்கும் இயந்திரங்களை அவர் செய்தார். பழைய பூத்தையல் ஆலை ஒன்றின் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார். இரண்டு பேரோடு தொடங்கிய இடம் அது. உள்ளே கண்ணாடிச் சுவர் போட்டு, ரைன்ரவும் என்று ஜெர்மனில் சொல்லும் தூசியற்ற அறை ஒன்றைத் தன் கையாலேயே கட்டியிருந்தார். தலை முதல் கால்வரை வெள்ளை அங்கி போட்டுக்கொண்டுதான் அதற்குள் போகலாம். முகத்துக்குப் பவுடர் பூசக்கூடாது. சிகரெட் பிடித்துவிட்டு உடனே போகக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துணிக்கை தட்டில் விழுந்தாலே முழு உழைப்பும் வீண். என் வேலை உதிரிப் பாகங்களைக் கழுவுவது. பிறகு பூட்டவும் பழகிக்கொண்டேன்.

ஸ்னூனிக்கு, அதுதான் ஒன்பது மணிக் கோப்பிக்கு, அவர் எங்களோடு இருந்து தன் கதையைச் சொல்லுவார். தகப்பன் ஒல்லாந்துக் கிராமத்தில் பால் கறக்கும் இயந்திரங்களைத் திருத்துகிறவர். காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்குவதை மாட்டு மடியில்தான் படித்தேன் என்பார். பிறகு பெரிய கம்பனி ஒன்றில் பொறியியலாளர். அதைத் தானாக விட்டுவிட்டு வந்ததாக ஒரு நாள் சொல்லுவார். துரத்திவிட்டார்கள் என்று இன்னொரு நாள். இந்த நாட்டுப் பெண்ணைக் கட்டியதால் இங்கே வந்தாரா, இங்கே வந்ததால் கட்டினாரா என்பதும் கோப்பிக்குக் கோப்பி மாறும். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் அந்த மனிதரின் வாழ்க்கை எனக்குப் பிடிபடவில்லை.

இனி என் கூத்துக்கு வருகிறேன்.

ஆசியாவிலிருந்து ஒரு பெரிய ஓடர் வரும் போல இருந்தது. முதல் இயந்திரத்தை அந்தக் கம்பனிக்காரர் நேரில் வந்து சோதிப்பார்கள். பிடித்தால் இன்னும் பல வாங்குவார்கள். ஒல்லாந்தர் சரியாகச் சாப்பிடாமல் திரிந்தார். எனக்கு அந்த மனிதரில் உயிர். எங்கள் ஆட்கள் இங்கே புதுக் கார் வாங்கினால் நேரே கோயிலுக்குக் கொண்டுபோய், ஐயரைக் கொண்டு திருநீறு, சந்தனம் வைப்பித்து, சில்லுக்குக் கீழே எலுமிச்சங்காய் நசித்துத்தான் வீட்டுக்கு எடுத்துவருவார்கள். ஒரு காருக்கே இவ்வளவு என்றால், முழு ஆலையும் நம்பியிருக்கும் இயந்திரத்தை வெறுமனே விடுவதா? அது கந்தசட்டி விரத காலம் வேறு. பின்பக்கத் தகட்டைப் பூட்டுவதற்கு முன், ஒரு கையுறையைக் கழற்றி, அங்கிக்குள் மறைத்துக் கொண்டுவந்த திருநீற்றுப் பொட்டலத்தில் விரலைத் தொட்டு, தகட்டின் உட்பக்கத்தில் சின்னதாக ஒரு குறி இழுத்தேன். அங்கே காற்று போகாது என்று நினைத்தேன். முருகா, நீதான் பார்த்துக்கொள் என்றும் சொன்னேன்.

சோதனையில் இயந்திரம் தோற்றது. ஓடவிட்ட தட்டுகளில் துணிக்கைகள். அவை கல்சியம் என்று ஆய்வுகூட அறிக்கை வந்தது. வந்தவர்கள் மரியாதையாகக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். ஓடரும் அவர்களோடு போய்விட்டது. திருநீற்றில் கல்சியம் இருக்கிறதா என்று ஒருத்தருக்கும் தெரியாமல் தேடிப் பார்த்தேன். இருக்கிறது. ஆளில்லாத நேரம் தகட்டைக் கழற்றினால், என் குறியில் பாதியைக் காணவில்லை. காற்றுக் கொண்டுபோனதா, பூட்டும்போது என் அங்கியே துடைத்ததா? நின்று யோசிக்காமல் மீதியை மதுசாரத் துணியால் துடைத்துவிட்டேன். அந்தத் துடைப்புத்தான் இன்றுவரை என்னை அரிக்கிறது.

அடுத்த நாள் அவர் எல்லாரையும் கூப்பிட்டார். என்னைப் பார்த்தாரா, எனக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாரா தெரியாது. "பிழை என்ரை. இனி ஆரையும் தேட வேண்டாம்" என்றார்.

தெரிந்துகொண்டுதான் என்னைக் காப்பாற்றுகிறார் என்று முடிவு கட்டினேன். அந்த நன்றியில் இன்னும் ஒழுங்காக வேலை செய்தேன். வாயை மட்டும் திறக்கவில்லை. தொழிலைக் காப்பாற்ற அவர் பாதிப் பங்கை வேறு கம்பனிக்கு விற்றார். அதற்குப் பிறகு தூசியற்ற அறைக்குள் அவர் கால் வைத்ததை நான் காணவேயில்லை. காலையில் கண்ணாடிச் சுவருக்கு வெளியே கொஞ்ச நேரம் நிற்பார், பிறகு போய்விடுவார். எங்களில் வெறுப்பா, நம்பிக்கையா? எனக்கு விளங்கவில்லை.

போன மாதம் அவர் மிச்சப் பங்கையும் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். பிரியாவிடைக்கு முதல் நாள் மனைவியிடம், நாளைக்கு அவரிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

"உங்களுக்கென்ன விசரே? அந்த மனுசன் நிம்மதியாப் போகட்டும். இவ்வளவு நாளும் தெரிஞ்சும் சொல்லாமல் இருந்தவர், நீங்கள் போய்க் கிண்டப் போறியள்."

"தெரியும் எண்டு எப்பிடிச் சொல்லுறீர்?"

"நீங்கள்தானேயப்பா சொன்னனீங்கள்!"

உண்மைதான். நான் சொன்னதைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அப்பேரோ என்று இங்கே சொல்லும் பிரியாவிடை விருந்தில் ஆட்கள் வைனும் சீஸும் கையில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மெல்லக் கழன்று கண்ணாடிச் சுவரடிக்குப் போனார். நானும் பின்னால் போய், ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பொட்டலம், குறி, துடைத்தது எல்லாம்.

"சாம்பலோ?" என்றார்.

"ஓம். மாட்டுச் சாணத்தைச் சுட்டு எடுக்கிற சாம்பல்."

"மாட்டுச் சாணமோ? என்ரை ரைன்ரவுமுக்குள்ளையோ?" அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றது. கையிலிருந்த கிளாஸை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"அந்தச் சோதினைக்கு முதல் நாள் நான் வீட்டிலை சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசிக்கொண்டு நிண்டனான். மெசினை ஒருக்காப் பாக்கவேணும் போல கிடந்தது. உடுப்பும் மாத்தேல்லை, அங்கியும் போடேல்லை. அப்பிடியே உள்ளை போய்க் கையாலை தொட்டுப் பாத்திட்டு வந்தனான். சுண்ணாம்பும் கல்சியம்தானே."

அப்படியென்றால் அவர் என்னைக் காப்பாற்றவில்லை. அன்று அவர் சொன்னது அவருக்குத் தெரிந்த உண்மை.

"அதாலையோ நீங்கள் உள்ளை வாறதில்லை?"

"மற்றவைக்குச் சட்டம் சொல்லிப்போட்டு நானே மீறினனான். பிறகு என்ன முகத்தோடை வாறது?" என்று சொன்னவர், சட்டென்று குரலை உயர்த்தினார். "நீர் ஏன் அப்பவே சொல்லேல்லை? பிழை விட்டது நானில்லாமலும் இருந்திருக்கலாம் எண்டு ஒருநாளாவது நினைச்சிருப்பனே!"

சாம்பலா, சாந்தா? இனி அதை எந்த ஆய்வுகூடமும் சொல்லாது. என் பங்கைத்தான் நானே துடைத்துவிட்டேனே. அவர் கட்டிய அறைக்கு வெளியே அவர் இத்தனை வருஷம் நின்றதில் திறக்காத என் வாய்க்கும் பங்கு இருக்கிறது என்பது மட்டும் விளங்கியது. வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, "என்ரை அளவிலை அங்கி கிடக்குதோ?" என்றார்.

இருந்தவற்றில் பெரியதை எடுத்துக் கொடுத்தேன். எதை முதலில் போடுவது என்று அவருக்கு மறந்துபோயிருந்தது. தலைமூடி, அங்கி, காலுறை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, அங்கியின் ஸிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். நானும் முகத்தைக் கழுவி, நெற்றியை இரண்டு தரம் துடைத்துக்கொண்டு அங்கி போட்டேன். உள்கதவடியில் அவர் நின்றுவிட்டார். கையுறை போட்ட இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டித் திருப்பிக் காட்டினார்.

"நான் உள்ளை வரலாமோ?" என்று என்னிடம் கேட்டார்.

"ஓம், வாங்கோ" என்று கதவைத் திறந்தேன்.