பின்னலில் கட்டிய ஈயக்குண்டு

எங்கள் குடும்பத்தில் கண் என்பது கடலைப் பார்ப்பதற்காகப் படைக்கப்பட்டது. அம்மாவின் தமையன், என் பெரிய மாமா, பருத்தித்துறைக் கரையில் நின்றபடியே எங்கோ வருகிற தோணியின் பாயைப் பார்த்து அது யாருடையது என்று சொல்லிவிடுவார். அந்தக் குடும்பத்தில் பிறந்த நான், முற்றத்தில் நின்ற ஆட்டை நாய் என்று நினைத்து "அடீக்" என்று விரட்டியவள். எட்டு வயதில் எனக்குக் கண்ணாடி வந்தது. வந்தது சரி, அதோடு நின்றதா? ஒவ்வொரு வருடமும் யாழ்ப்பாணத்துக் கண் டொக்டரிடம் போவோம். ஒவ்வொரு வருடமும் நம்பர் ஏறும். கண்ணாடி தடிக்கும்.

இதற்குக் காரணம் என்னவென்று மாமா கண்டுபிடித்துவிட்டார். புத்தகம். அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. கச்சான் கடலை சுற்றி வருகிற பேப்பரைக்கூட நான் விடுவதில்லை, கச்சானை மறந்துவிட்டுப் பேப்பரை வாசிப்பேன். அப்பா கப்பலில் வேலை செய்தார், எப்போதாவதுதான் வருவார். ஆகவே வீட்டில் மாமா சொன்னதுதான் சட்டம். எனக்குப் பத்து வயதானபோது அந்தச் சட்டம் வந்தது.

"உவள் படிச்சுப் படிச்சே கண்ணைத் தின்னுறாள். பள்ளிக்கூடத்தை நிப்பாட்டு. நாளைக்குக் கண் தெரியாததை ஆர் கட்டுவான்?"

மாமாவுக்கு முன்னால் கதிரையில்கூட இருக்காத அம்மா, குசினி வாசலுக்கு வந்து நின்றாள். கையில் அகப்பை.

"என்னை நிப்பாட்டினதே போதும் அண்ணை. இவளை நிப்பாட்ட நான் விடமாட்டன்."

மாமா அகப்பையைப் பார்த்தார். பிறகு, "சரி, ஒரு வருசம் பாப்பம். இனியும் நம்பர் ஏறினால் நீ கதைக்கக் கூடாது" என்றார்.

"ஏறாட்டில்?"

"ஏறாட்டில் அவள் விரும்பினமட்டும் படிக்கட்டும். நான் வாய் திறக்கமாட்டன்."

என் படிப்பு என் கண்மணிக்குள் மாட்டிக்கொண்டு நின்றது. கண்ணோ என் சொல் கேட்கிற சாமானாக இல்லை.

அந்த முறை டொக்டர் புதுவிதமான கண்ணாடி ஒன்று எழுதினார். நடுவில் குறுக்காக ஒரு கோடு. கோட்டுக்கு மேலே தூரத்தைப் பார்க்க, கீழே புத்தகம் பார்க்க. கிட்டத்தில் பார்க்கும்போது கண் களைக்காமல் இருந்தால் நம்பர் ஏறுவது குறையலாம், சில பிள்ளைகளுக்குக் குறைந்திருக்கிறது, சிலருக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். அம்மாவின் காதில் 'குறையலாம்' மட்டும் விழுந்தது.

அந்தக் கோட்டுக் கண்ணாடியை வயதானவர்கள் போடுவதைத்தான் ஊர் கண்டிருந்தது. வகுப்புக்குள் நான் நுழைந்ததும் ஒருத்தி எழும்பி நின்று, "பென்சனியர் வாறார், கதிரை குடுங்கோ!" என்றாள். வகுப்பே விழுந்து சிரித்தது. படி இறங்கினால் கீழ்ப்படி மிதந்தது. முதல் கிழமையே கிணற்றடியில் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டேன். எவ்வளவு ஆசையாக அதை வெறுத்தேன் தெரியுமா!

பெரிய கரைச்சல் வேறு இருந்தது. புத்தகத்தைக் கண்டால் என் தலை தானாகக் குனிந்துவிடும். குனிந்தால் மேல் வில்லையால்தான் எழுத்துத் தெரியும், கீழ் வில்லை சும்மா கிடக்கும். அம்மா மீன் வெட்டுகிற இடத்திலிருந்து, உடுப்புத் தோய்க்கிற இடத்திலிருந்து, "தலையை நிமித்து! கண்ணை மட்டும் பதி!" என்று கத்திக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஒருநாள் வளவில் மாமாவின் வலை காய்ந்துகொண்டிருந்தது. வலையைத் தண்ணீருக்குள் இழுத்து நிறுத்துகிற ஈயக்குண்டுகள் அதன் அடியில் வரிசையாகத் தொங்கின. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மாமாவிடம் நாலைந்து குண்டு வாங்கி, துணியில் வைத்துத் தைத்து, என் பின்னலின் நுனியில் றிபனோடு சேர்த்துக் கட்டிவிட்டாள்.

தலை பின்னுக்குப் போனது. நாடி நிமிர்ந்தது. கண் மட்டும் கீழே இறங்கிப் புத்தகத்தைப் பார்த்தது. டொக்டர் சொன்னது அப்படியே நடந்தது!

"வலையிலை மீன் படுகுதோ இல்லையோ, ஈயத்திலை இவள் பட்டிட்டாள்" என்று மாமா சிரித்தார்.

பள்ளிக்கூடத்துக்கும் ஈயத்தோடுதான் போனேன். பென்சனியர் என்று பெயர் வைத்தவள் ஒருநாள் பின்னலைப் பிடித்து இழுத்து விளையாடினாள். நான் உதறித் திரும்பிய வேகத்தில் குண்டு அவள் மணிக்கட்டில் போய் விழுந்தது. பென்சனியருக்கு அதற்குப் பிறகு நல்ல மரியாதை.

வருடம் முடிந்து யாழ்ப்பாணம் போனபோது மாமாவும் கூடவே வந்தார், தீர்ப்பைத் தன் காதால் கேட்க. அம்மா வழி முழுக்கச் சந்நிதி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். டொக்டர் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டார். நான் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் சொன்னார்: "போன வருசத்து நம்பர்தான். கால் நம்பர்கூட ஏறேல்லை."

மாமா விடுவாரா? "உதெல்லாம் பாடமாக்கியிருப்பாள்" என்று என்னைக் கையில் பிடித்து மாடி யன்னலடிக்கு இழுத்துப் போனார். றோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரக் கடை, அதன் மேல் பெரிய பெயர்ப்பலகை. "உந்தப் போட்டை வாசி பாப்பம்."

கடையின் பெயரை வாசித்தேன். அதன் கீழே இருந்ததை வாசித்தேன். எல்லாவற்றுக்கும் கீழே பொடி எழுத்தில் இருந்ததை, றோட்டால் போனவர்கள் அண்ணாந்து பார்க்கிற சத்தத்தில் வாசித்தேன்: "விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது!"

"சொன்ன சொல்லும் அப்பிடித்தான், அண்ணை" என்றாள் அம்மா.

மாமா சொல்லை மாற்றவில்லை. ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். பஸ்ஸில் முன் சீற்றில் இருந்த முன்பின் தெரியாத மனுசனிடம், "என்ரை வலை ஈயம்தான் இவளின்ரை கண்ணைக் காப்பாத்தினது" என்று அளந்தார். டொக்டரையும் முருகனையும் கணக்கிலேயே எடுக்கவில்லை. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். இனி என்னை ஒருவரும் நிறுத்த முடியாது!

வல்வெட்டித்துறை கழிந்ததும் றோட்டோடு கடல் வந்தது. அம்மா கைப்பையைத் திறந்து, டொக்டருக்குக் காட்டவென்று கொண்டு வந்திருந்த என் பழைய கண்ணாடியை எடுத்தாள். கோடு இல்லாத, சின்னப்பிள்ளைக் கண்ணாடி. அதைத் தன் முகத்தில் மாட்டினாள். காதுவரை எட்டாமல் கம்பி நெற்றிப்பொட்டில் நெரித்துக்கொண்டு நின்றது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. யன்னல் கம்பியைப் பிடித்தபடி கடலையே பார்த்தாள்.

"அண்ணை, அங்கை இவ்வளவு தோணியே நிக்குது?" என்றாள். பிறகு, "பாயிலை ஒட்டுப் போட்டிருக்கிறதும் தெரியுது."

கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள், தோணியை இன்றுதான் கண்டவள் போலக் கதைக்கிறாளே என்று எனக்கு இன்னும் சிரிப்பு வந்தது. என்னைப் பகிடி பண்ணுகிறாள் என்றே நினைத்தேன். ஐந்தாம் வகுப்போடு அம்மாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியது ஏன் என்று அதுவரை நான் கேட்டதில்லை, அன்றும் கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு நேரம் வாய் ஓயாமல் அளந்துகொண்டிருந்த மாமா, கடல் இல்லாத பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, பருத்தித்துறை வரும்வரை ஏன் ஒரு சொல்லும் கதைக்கவில்லை என்றும் எனக்கு விளங்கவில்லை.