‘பட்டுட்டு’: தாராவியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கம்பாட்டம்

அரண்மனை அருங்காட்சியகங்களுக்குப் போனாலே எனக்கு எரிச்சல் வரும். ராஜாவின் வேட்டைத் துப்பாக்கி, ராஜாவின் குதிரைச் சேணம், ராஜா கொன்ற புலி. அதே ஊரில் மாடு மேய்த்தவனும் விளையாடியிருப்பான்தானே? அவன் கம்பை யாரும் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதில்லை. பிப்ரவரியில் ஒரு கல்யாணத்துக்காகக் கோவையிலிருந்து மும்பை போனபோது, தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் ஞாயிறுதோறும் சிலம்பம் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். விடுவேனா?

செம்பூரில் காலை ஆறு மணிக்கு ஹார்பர் லைன் ரயில் பிடித்து, குர்லாவில் மாறி, சயானில் இறங்கினேன். டிக்கெட் ஐந்து ரூபாய். அங்கிருந்து தொண்ணூறு அடி ரோடு வழியாகப் பொடிநடை. வழி கேட்ட இடத்திலெல்லாம் நான் இந்தியில் திணற, பதில் தமிழில் வந்தது.

இரண்டு பட்டறைகளுக்கு நடுவே ஒரு சின்ன மண் திடல். எதிரெதிரே இரண்டு பேர். ஒருவர் காதர் பாய், தோல் பை பட்டறை முதலாளி. மற்றவர் மாரியம்மாள், அதே பட்டறையில் மெஷின் தைப்பவர். முப்பது வயது இருக்கும். ஜெயிப்பவர்தான் அடுத்த மாதம் செம்பூர் போட்டிக்கு அணித் தலைமை என்றார் என் பக்கத்தில் இட்லிப் பாத்திரத்தோடு நின்ற செண்பகம் அக்கா. மூன்று அடி முதலில் வைப்பவருக்கு வெற்றி.

கம்புகள் சுழன்றன. திடீரென்று மாரி நின்று, "பட்டுட்டு!" என்றார். மீதியைச் சொல்வார் என்று காத்திருந்தேன். எங்கள் பக்கம் ‘பட்டுட்டு’ என்றால் பாதி வாக்கியம். பட்டுவிட்டு, அப்புறம் என்ன? செண்பகம் அக்கா சிரித்துவிட்டார். "அவ்வளவுதாம்மா. அடி பட்டுட்டு, உங்க ஊர்ல பட்டுருச்சும்பீகள்ல, அதான். பட்டவுகதான் சொல்லணும். இங்க நடுவர் கிடையாது."

"ஏன்?"

"அந்தக் காலத்துல ஜமீன் வீட்டு ஆளும் எங்க ஆளும் கம்பு வீசுனா, நடுவரும் ஜமீன் ஆளுதான். அவுக மேல பட்டது எவன் கண்ணுக்கும் தெரியாது. எங்க மேல படாட்டாலும் பட்டுட்டும்பாக. அதான் எங்களுக்கு நடுவரே வேண்டாம்னு வச்சிக்கிட்டோம்."

"பட்டும் ஒருத்தர் சொல்லாட்டா?"

"மறுவாரம் அவன்ட்ட எவனும் ஆட மாட்டான்."

மாரி இரண்டாவது அடியும் வாங்கினார். எனக்கே புரிந்தது, அவர் கம்பு காதர் பாய் பக்கம் போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. நாளைக்கு அதே ஆளிடம்தானே வேலைக்குப் போக வேண்டும்! காதர் பாய்க்கும் புரிந்துவிட்டது. கம்பை ஊன்றி நின்றார்.

"ஏ மாரி, கம்ப ஏன் மடக்குத?"

"இல்ல சேட்..."

"இங்க எவன் சேட்? பட்டறைக்குள்ள சொல்லு. நான் சம்பளம் குடுக்கேன்னு நீ எனக்கு ஜெயிப்பு குடுக்கியா? பிச்சையா போடுத?"

மாரி முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டார். அடுத்த வீச்சு காதர் பாயின் மணிக்கட்டில் சுளீரென்று விழுந்தது. "பட்டுட்டு!" என்று அவர் கத்தியதில் வலியைவிடச் சந்தோஷமே அதிகம். அடுத்தது தோளில். இரண்டுக்கு இரண்டு.

கடைசி அடியை நான் பார்க்கவில்லை. செண்பகம் அக்காவும் பார்க்கவில்லை. மாரிக்கே தெரியவில்லை, அவர் இன்னும் கம்பைச் சுழற்றிக்கொண்டிருந்தார். காதர் பாய் மட்டும் நின்று, தன் கணுக்காலைக் காட்டி, நிதானமாகச் சொன்னார்: "பட்டுட்டு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. நான் பார்த்த எந்த அரண்மனையிலும் இந்த வார்த்தைக்கு ஈடான காட்சிப்பொருள் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஆட்டம் ஏழு மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். கேட்காமல் படம் எடுக்காதீர்கள், அது அவர்கள் குடியிருக்கும் இடம். கம்பு சுழலும் எல்லைக்கு வெளியே நில்லுங்கள். செண்பகம் அக்காவின் இட்லி சீக்கிரம் தீர்ந்துவிடும். பட்டறைகளில் பை வாங்க வேண்டுமானால் மறுநாள் போங்கள்.

நானும் அப்படித்தான் திங்கட்கிழமை போனேன். மாரி மெஷினில் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார். காதர் பாயின் மணிக்கட்டில் துணிக்கட்டு. மாட்டுங்காவிலிருந்து பை எடுக்க வந்திருந்த ஒரு தமிழர், "என்ன சேட், கையில கட்டு?" என்று கேட்டார். கதவு இடித்தது என்று சொல்லியிருக்கலாம். காதர் பாய் மாரியின் பக்கம் கையைக் காட்டினார்.

"பட்டுட்டு."

வந்தவர் மீதிக்காகக் காத்திருந்தார்.

"அவ்வளவுதான் சார்" என்றார் மாரி, மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.