எழுந்திருக்காத சம்பந்திகள்

லிஃப்ட்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பட்டப்பெயர்தான் ஓய்வு பெறவில்லை. பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஊரை மேலும் கீழும் அனுப்பியவர். தன் காலால் மாடி ஏறியதாகச் சரித்திரம் இல்லை.

வயது ஏற ஏற, நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது. ரத்தக்குழாய்கள் வெயிலில் கிடந்த ரப்பர் குழாய் மாதிரி இறுகிவிட்டன என்றார் மருத்துவர். அவற்றோடு மல்லுக்கட்டி இதயமும் விறைத்துவருகிறது, உட்கார்ந்தே இருந்தால் காலும் கைவிட்டுவிடும், மாத்திரையோடு தினமும் நடக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"இவர் விறைப்பான ஆளுன்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன். உங்களுக்கு மெஷின் வெச்சுப் பார்த்தாத்தான் தெரியுது," என்றாள் மனைவி.

அவர் மாத்திரையை விழுங்கினார். நடையை நாளைக்குத் தள்ளினார். விஷயம் சம்பந்தி காதுக்கு மட்டும் போகக் கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். மகளின் மாமனாரான அந்தச் சம்பந்தி பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்தவர். கல்யாணத்தன்றே இவரைக் "காலை அசைக்காம சம்பளம் வாங்கினவர்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

ஒரு நாள் மனைவி, மகள், சம்பந்தியம்மா என்று பெண்கள் மூவரும் துணிக்கடைக்குக் கிளம்பியபோது, இவரைச் சம்பந்தி வீட்டில் உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். கூடத்தில் எதிரெதிரே இரண்டு புது சோபாக்கள். உட்கார்ந்தவரை இடுப்புவரை விழுங்குகிற ஜாதி. ஒன்றில் வாத்தியார் ஏற்கெனவே முழுகியிருந்தார். மற்றதில் இவர் முழுகினார்.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் யாரோ வந்திருப்பதாக லிஃப்ட்காரர் நினைவூட்டினார். விருந்தாளியை விட்டு எழுந்து போவது மரியாதையில்லை என்றார் வாத்தியார். அடித்தவர் அலுத்துப்போய்ப் போய்விட்டார். உள்ளே தொலைபேசி அலறி ஓய்ந்தது. அதற்கும் இருவரும் மரியாதை காத்தார்கள்.

கடைசியில் குளியலறையிலிருந்து தண்ணீர் ஊர்ந்து வந்தது. பக்கெட்டை நிரப்பத் திறந்துவிட்ட குழாயை யாரோ மூட மறந்திருந்தார்கள். தண்ணீர் பாதத்தைத் தொட்டதும் இருவரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். எழுந்திருக்கத்தான் ஒருவரையும் காணோம்.

"சம்பந்தி, என்னால எழுந்திருக்க முடியல," என்றார் வாத்தியார், கூரையைப் பார்த்தபடி.

"சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? என்னாலயும்தான்."

வாத்தியாருக்கும் அதே ரத்தக்குழாய், அதே மாத்திரை, வீட்டாரிடம் வாங்கிய அதே சத்தியம். இருவரும் சோபாவின் நுனிக்கு நகர்ந்து, கையைக் கோத்துக்கொண்டார்கள். வாத்தியார் பழைய குரலில் கட்டளையிட்டார். இருவரும் ஒருசேர எழுந்தார்கள். ஈரத்தில் வழுக்கி, ஒருசேர ஒரே சோபாவில் விழுந்தார்கள்.

பெண்கள் திரும்பி வந்தபோது கூடம் குளமாகிக் கிடந்தது. நடுவில் கைகோத்தபடி இரண்டு சம்பந்திகள்.

"இவ்வளவு ஒட்டுறவு எப்போ வந்தது?" என்று கேட்டாள் லிஃப்ட்காரரின் மனைவி. பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு, மூவருமாக இருவரையும் பிடுங்கி எடுத்தார்கள்.

அதன்பின் மருத்துவர் சொன்னபடி, இருவரும் சேர்ந்து நடந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார்கள். இறுகிய குழாய் பழையபடி இளகிவிடாது என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஆனால் ரத்த அழுத்தம் இறங்கியது, காலில் வலு ஏறியது. சண்டையும் குறையவில்லை; நடந்துகொண்டே போட்டார்கள்.

சோபாக்களை விற்றுவிட்டு, உயரமான நாற்காலி வாங்க இருவரும் கடைக்குப் போனார்கள். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டு, அடுத்ததற்குப் போனார்கள். பின்னாலேயே நடந்து கால் அலுத்த கடைக்காரர், "ஐயா, ஒண்ணுலயாவது கொஞ்ச நேரம் உட்காரவே மாட்டீங்களா?" என்று கேட்டேவிட்டார்.