எட்டுப் பேருக்கு ஒரு காவேரி

தமிழ் இலக்கியம் படிப்பிக்கிறவனுக்கு நல்ல குரல் வேணும், பொறும வேணும், அதுக்கு மேல பிள்ளைங்க நழுவிடாம கதவப் பாத்துக்கிற கண்ணும் வேணும். இலங்கையில புளத்கொகுபிட்டிய ஊருக்கு மேல ஒரு தோட்டப் பாடசாலையில, சாதாரண தரப் பரீட்சைக்கு இந்தப் பாடத்த எடுத்திருக்கிறது எட்டே பிள்ளைங்க. ஒண்ணு கொறஞ்சாலும் வகுப்ப மூடிட்டு, என்னை உடற்கல்விக்கு மாத்திடுவேன்னு அதிபர் சொல்லிட்டாரு. என் தொப்பையப் பாத்துக்கிட்டேதான் சொன்னாரு. இந்த வருஷப் பாடம் காவேரி. அந்த ஆத்த நானும் பாத்ததில்ல. பாக்காததப் படிப்பிச்சே வயித்தக் கழுவுற என் இனத்து ஆசிரியர்களே, நீங்களாவது கேளுங்க.

தாயைக் காட்டினேன்

காவேரி ஒரு தாய்னு நாலு நாளா தொண்ட கிழியச் சொன்னேன். ஒரு முகத்துலயும் அசைவில்ல. சரி, ஆறுன்னா என்னன்னு கண்ணால காட்டுவோம்னு தோட்டத்துக்குக் கீழ ஓடுற ஓயாவுக்கு, அதான் எங்க ஊரு சின்ன ஆத்துக்கு, கூட்டிட்டுப் போனேன். அங்க ஒருத்தர் வேன் கழுவிட்டு இருந்தாரு, நாலு பொம்பளைங்க கம்பளி அலசிட்டு இருந்தாங்க. "பாருங்க, இவதான் தாய்"னேன். வகுப்புலயே கெட்டிக்காரி திலகா கொஞ்ச நேரம் பாத்துட்டுச் சொன்னா: "சரிதான் சேர், எங்கம்மா மாதிரியே எந்நேரமும் அடுத்தவங்க அழுக்கத்தான் தொவைக்கிறா."

பட்டணம் போன கதை

காவேரி கடல்ல சேர்ற எடத்துல பெரிய துறைமுகப் பட்டணம் இருந்துச்சு. கப்பல்ல குதிரை வந்துச்சு, மிளகு மூட்ட மூட்டயா கெடந்துச்சு, கடைசியில எல்லாத்தையும் கடல் கொண்டுபோச்சு. இத நான் கண்ணு கலங்கச் சொல்றப்போ, பக்கத்து வகுப்புல கணிதம் படிப்பிக்கிற பாத்திமா டீச்சர் ஜன்னல்ல நின்னு கேட்டாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு மாவனல்லையில புடவைக் கடை. மகா ஓயா பெருகினா கடைக்குள்ள வந்துட்டுத்தான் போகும். நான் முடிச்சதும் கேட்டாங்க: "அதெல்லாம் சரி சேர், அந்த எடத்துல கட்டுறதுக்கு பெமிட் குடுத்த ஆள் ஆரு?"

புதுவெள்ளம்

அப்புறம் திலகாவோட அப்பா பெருமாளண்ணன் வந்தாரு. ரப்பர் பால் வெட்டுறவரு. "பாட்டுல ஓடுற ஆத்த வச்சி என் மக என்னா செய்வா? சித்திரத்துக்கு மாத்தி விடுங்க சேர், சுளுவா பாஸ் பண்ணுவா"ன்னாரு. கூட வந்த திலகா தலையக் குனிஞ்சிட்டு நின்னா. அவ போனா எட்டு ஏழாயிடும். திங்கக்கெழம கையெழுத்துப் போட்டுத் தாரேன்னு பாடம் மாத்துற தாள வாங்கிட்டுப் போயிட்டாரு.

அதுக்குள்ள மழ பிடிச்சி, மண்சரிவு எச்சரிக்கை வந்து, லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் பாய் படுக்கையோட எங்க பாடசாலை மண்டபத்துக்கு வந்துட்டாங்க. என் வகுப்பு நடக்கிறதும் அதே மண்டபத்து மூலையிலதான். அன்னைக்குப் பாத்து பாடம், காவேரியில புதுவெள்ளம் வர்றப்போ சனங்க பூப்போட்டுக் கொண்டாடினது. சொல்ல எனக்கே வெக்கமா இருந்துச்சு. ஆனாலும் சொன்னேன்.

பின்னால படுத்திருந்த ஒரு கெழவர், "வெள்ளத்துக்கா பூப்போட்டானுங்க? பைத்தியக்காரப் பயலுங்க"ன்னாரு. மண்டபமே சிரிச்சுச்சு. அந்தச் சனத்தோட வந்திருந்த பெருமாளண்ணன் மட்டும் சிரிக்கல. எந்திரிச்சி வந்து, கையெழுத்துப் போடாத தாள எங்கிட்டயே திருப்பிக் குடுத்தாரு: "இருக்கட்டும் சேர், தண்ணி வர்றதப் பாத்து சந்தோஷப்பட்ட சனமும் இருந்துச்சுன்னு எங்க வீட்டுல ஒருத்தியாவது படிச்சுக்கட்டும்."

அத்தன புலவருங்க சேந்து பாடியும் காப்பாத்த முடியாத என் வகுப்ப, கடைசியில ஒரு மண்சரிவு எச்சரிக்கைதான் காப்பாத்திக் குடுத்துச்சு.