அம்பு தைத்த கண்

அந்தக் கோயில் ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ‘புராணம்’ என்று கேட்டால் பூக்கடைக்காரர்கூடக் கை காட்டுவார். வெளியூர் ஜனங்களுக்குக் கோயிலைச் சுற்றிக்காட்டி, தல புராணம் சொல்வதுதான் தொழில். வாய் என்றால் வாய், அப்படியொரு வாய்! கேட்கிறவர்களுக்குச் செருப்பு விட்ட இடமே மறந்துபோகும்.

உள்ளபடி அந்த ஊர்ப் புராணம் சின்னது. போரில் தோற்று ஓடிவந்த ராஜாவை அம்மன் குளத்துத் தாமரை இலைகளுக்கு அடியில் ஒளித்துக் காப்பாற்றினாள். அவ்வளவுதான். வெயிலில் நிற்கிற ஜனம் இதைக் கேட்டுக் கொட்டாவி விட்டது. மனுஷனுக்குப் பொறுக்குமா? ராஜாவின் கண்ணில் ஓர் அம்பைத் தைத்தார். குளத்து நீர் பட்டதும் போன பார்வை திரும்பியது என்றார். கொட்டாவி நின்றது. நாளடைவில் மற்ற கைடுகளும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள்.

இப்போது அவர் மனைவிக்குக் கண்ணில் அழுத்தம். “ஓரமெல்லாம் இருட்டிடுச்சு. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டா மிச்சமும் போயிடும், போனது திரும்பாது” என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். அந்த அம்மாளோ சொட்டு மருந்தை அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு, விடிந்தால் குளத்தில் கண் கழுவப் போய்விடுவாள்.

ஒரு நாள் புராணம் அவளைத் தேடிப் போனார். சமையலறை வாசலில் நின்று சொல்லியே விட்டார்.

“அந்த அம்பு, கண்ணு எல்லாம் நானா கட்டிவிட்டது. தண்ணியில ஒண்ணுமே இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.”

“என்னை அங்க கொண்டுபோய்ப் படுக்க வைக்கணும்னு அம்மனையே பொய்யாக்குறீங்களே! கன்னத்துல போட்டுக்குங்க.”

“உன்மேல சத்தியமா சொல்றேன்டி.”

“சத்தியம் வேறயா? எனக்காக நீங்க எதையும் சொல்வீங்கன்னு எனக்குத் தெரியாதா?”

தலைகீழாக நின்று பார்த்தார், அவள் மசியவில்லை. நாலு பேர் முன்னால் சொன்னால் நம்புவாள் என்று தோன்றியது. மறுநாள் காலை அவளைக் கையைப் பிடித்துக் குளக்கரைக்கு அழைத்துப் போனார். பஸ்ஸில் வந்திறங்கிய கூட்டத்துக்கு முன்னால் ராஜா, அம்மன், தாமரை இலை என்று உள்ளதை மட்டும் சொல்லி நிறுத்தினார். “இந்தத் தண்ணி எந்த நோயையும் தீர்க்காதுங்க” என்றும் சொன்னார்.

“அவருக்கு இன்னைக்கு மனசு சரியில்லைங்க. கண்ணு விஷயத்தை விட்டுட்டார்” என்று கூட்டத்துக்குள்ளிருந்து அவள் குரல் கொடுத்தாள். பிறகு அவளே சொன்னாள். அம்பு தைக்கும் இடத்தில் அவர் எங்கே குரலை இறக்குவாரோ அங்கேயே இறக்கி, எங்கே நிறுத்துவாரோ அங்கேயே நிறுத்திச் சொன்னாள். ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கும்பிட்டார்.

“பொய்! அது பொய்ங்க!” என்று கத்தினார் புராணம். இத்தனை வருஷத்தில் எந்தக் கூட்டமும் அவரை அப்படி அருவருப்பாகப் பார்த்ததில்லை.

“வாங்க, இடத்தை நான் காட்டுறேன்” என்று அவள் முன்னால் நடந்தாள். ஜனம் பின்னாலேயே போனது. குளத்தின் முதல் படி எங்கே இருக்கிறதென்று தெரியாமல், அவள் காலை நீட்டித் துழாவிக்கொண்டிருந்தாள்.