இரண்டே சீட், மேலே கண்ணாடி

கல்யாணமாகி இரண்டாவது வருடம் என் கணவர் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு எங்கள் மயிலாப்பூர் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்போதே வயதான கார். ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டுக்காரர் விற்றது. ஏன் வாங்கினாய் என்று மாமனார் கேட்டதற்கு, “ஆசையா இருந்தது” என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

காரில் இருந்ததே இரண்டு சீட். கூரையில் நடுவே ஒரு பட்டை, அதன் இரு பக்கமும் கழற்றி மாட்டும்படி இரண்டு கண்ணாடிகள். பழைய சொந்தக்காரர் தகரத்தை எடுத்துவிட்டு ஆசையாகப் போட்டுக்கொண்டாராம். அவர் ஊரில் வெயில் என்பது எப்போதாவது வரும் விருந்தாளி. எங்கள் ஊரில் அது வீட்டோடு மாப்பிள்ளை.

எனக்கு அந்தக் கார் மேல் உயிர். காரணம் சிவப்பு நிறமல்ல, இரண்டே சீட் என்பதுதான். வீட்டில் பதினோரு பேர். நானும் அவரும் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிப்பதற்குள் யாராவது நடுவில் வந்து காபி கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு வீடே கூடத்தில் பாய் விரித்துத் தூங்கும். அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்குச் சொந்தம். அப்போது காரில் ஏறி சாந்தோம் வழியாக அடையாறு பாலத்தைத் தாண்டி பெசன்ட் நகர் கடற்கரை வரை போய் வருவோம். நான் என்ன நினைக்கிறேன் என்று யாராவது என்னைக் கேட்டது அந்த சீட்டில் மட்டும்தான்.

ஆனால் அந்த நேரத்து வெயில்! அரைமணியில் நான் இட்லிப் பானையிலிருந்து எடுத்த மாதிரி ஆகிவிடுவேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓட்டினால் வெயில் நேராக மண்டையில் இறங்கியது. நான் புலம்பிய புலம்பலில் அவர் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்.

முதலில் என் பழைய பட்டுப் பாவாடையைக் கிழித்து உள்பக்கம் திரை தைத்தோம். கண் கூசவில்லை, அவ்வளவுதான். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு திரை போட்டு என்ன பயன்? திரையே இஸ்திரி போட்டது போல் சுட்டது.

அடுத்தது, பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய சுண்ணாம்பைக் கரைத்து வெளிப்பக்கம் பூசினார். அது நிஜமாகவே சூட்டைக் குறைத்தது. லஸ் முனையில் ஒரு ரிக்‌ஷாக்காரர் எட்டிப் பார்த்து, “இன்னா சார், வண்டிக்கும் வெள்ளையடிச்சிக்கினு வந்துகீறே?” என்றார். சிரித்து வாயை மூடவில்லை, மழை பிடித்துக்கொண்டது. முன்கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றினாற்போல் ஆகி, ஓரமாக நிறுத்திவிட்டு என் கைக்குட்டையால் துடைத்தோம்.

பிறகு வெட்டிவேர்த் தட்டியை நனைத்துக் கூரை மேல் கட்டினார். வாசனையாவது வாசனை! ரப்பர் ஓரம் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவர் தலையில் விழுந்துகொண்டே வந்தது. “கோயில்ல கூட இத்தனை தீர்த்தம் கிடைக்காது” என்றார். அதையும் கழற்றினோம்.

வீட்டில் அந்தச் சூட்டை ரசித்தவர் ஒருவர்தான், என் மாமியார். பெட்ரோல் விலை ஏறியிருந்ததால் அவர் பிள்ளை ஆபீசுக்குப் பஸ்ஸில்தான் போவார். வாரம் முழுக்கக் கார் வாசல் வெயிலில் சும்மா நிற்கும். மாமியார் சீட்டில் பழைய வேஷ்டியை விரித்து, ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கி, உள்ளே வடாம் உலர்த்தினார். காக்காய் கிட்டே வர முடியாது. வடாம் கலகலவென்று காய்ந்தது. இறக்குமதிக் காரில் காய்ந்த வடாம் என்று தெருவில் அவருக்கு ஏகப் பெருமை.

கடைசியில் என் கணவர் ராயப்பேட்டையில் ஒரு தச்சரிடம் கண்ணாடிகளை எடுத்துப்போய், அதே அளவில் இரண்டு பிளைவுட் பலகைகள் அறுத்து வாங்கி வந்தார். மேலே வெள்ளைக் கான்வாஸ், அடியில் தேங்காய் நார் மெத்தை. கண்ணாடி இருந்த இடத்தில் இதை மாட்டினார். சூடு போயே போய்விட்டது. அந்த ஞாயிறு முதல்முறையாக வியர்க்காமல் கடற்கரை போய்ச் சேர்ந்தேன். வடாமுக்கு வழியில்லையே என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்ட மாமியாருக்கு அந்தக் கண்ணாடிகளையே கொடுத்தோம். மொட்டை மாடியில் செங்கல் மேல் நிறுத்தி, அடியில் வடாம் போட்டுக்கொண்டார். எல்லோருக்கும் திருப்தி.

மறு ஞாயிறு மாமனார் பாயிலிருந்து எழுந்து வந்தார். “இப்பத்தான் சுடறதில்லையாமே” என்று என் சீட்டில் ஏறி உட்கார்ந்து, அடையாறில் இருந்த சிநேகிதரைப் பார்க்கப் போனார். அதற்கடுத்த வாரம் நாத்தனார், வாங்கின புடவையை தி. நகர் கடையில் மாற்ற. பிறகு மாமியாரின் தங்கை. பிறகு மறுபடியும் மாமனார். இத்தனை நாள் இவர்களையெல்லாம் அந்தக் காரிலிருந்து தள்ளி வைத்திருந்தது வெயில்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானே வாய் வலிக்கப் புலம்பி அதைத் துரத்தியிருக்கிறேன். வாரா வாரம் வாசல் கேட்டைச் சாத்திவிட்டு நான் மட்டும் உள்ளே வருவேன். கணவரிடம் சொல்லலாம் என்றால், எங்கே வைத்துச் சொல்வது?

ஒரு ஞாயிறு, மாமனார் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது விறுவிறுவென்று மாடிக்குப் போனேன். மாமியார் படி நிழலில் உட்கார்ந்து வடாமுக்குக் காவல் இருந்தார். நான் ஒரு கண்ணாடியைத் தூக்கினேன்.

“எங்கடி தூக்கிண்டு போறே?”

“கார்ல மறுபடியும் மாட்டப் போறேம்மா.”

“மாட்டினா கொதிக்குமே. யார் உக்காருவா?”

“நாங்க ரெண்டு பேரும் உக்காந்துக்கறோம்” என்றேன். குரல் உடைந்துவிட்டது.

மாமியார் மற்றக் கண்ணாடியைக் கையால் காட்டினார்.

“அப்போ ரெண்டையும் எடுத்துண்டு போ. ஒண்ணை மட்டும் மாட்டினா உன் மாமனார் பொறுத்துண்டு ஏறிடுவார்” என்று சொல்லிவிட்டு, காக்காய் ஓட்டக் குச்சி தேட எழுந்தார்.