இரண்டு முனையும் ஒரே பெட்டியில்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு நிக்காஹ் ஒன்று குழம்பப் பார்த்தது. சீதனச் சண்டை இல்லை. மாப்பிள்ளை ஓடிப் போகவில்லை. காரணம் — ஒரு வயர். அதுவும் அறுந்த வயர் இல்லை ஐயா, நல்ல வயர்!

இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. யாரிடமாவது கொட்டித் தீர்க்காவிட்டால் தூக்கம் வராது. வாராவாரம் என் புலம்பலைப் பொறுத்துக்கொள்ளும் உங்களை விட்டால் எனக்கு வேறு யார்?

கலியாணப் பெண் பர்ஹானா, என் நானாவின், அதாவது என் அண்ணனின் ஒரே மகள். நானா குவைத்தில் வேலை. லீவு தருகிறோம், தருகிறோம் என்று சொன்ன கம்பனி கடைசிக் கிழமையில் கையை விரித்துவிட்டது. அதனால் என்னை வக்கீலாகப் போட்டார். நீதிமன்ற வக்கீல் இல்லை. பெண்ணைப் பெற்ற வாப்பாவின் இடத்தில் உட்கார்ந்து, அவருக்காக நிக்காஹ் வார்த்தையைச் சொல்கிறவன்.

"வார்த்தையை நீ செல்லு, அது பரவாயில்ல. ஆனா நான் பார்க்கணும்டா. என்ட புள்ளைட நிக்காஹை நான் கண்ணால பார்க்கணும்" என்று போனில் அழுதார். நானா அழுது நான் கேட்டதே இல்லை.

அதற்கு வழி செய்தது பர்ஹானாதான். புத்தளம் டவுனில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் நெட்வேர்க் பார்ப்பதுதான் அவள் வேலை. எங்கள் வீடோ கற்பிட்டி ரோட்டில் தென்னந்தோட்டத்துக்குள். ஜன்னலோரம் நின்றால் சாதாரணமாகக் கதைக்கலாம். வீடியோ என்றால் முகம் அப்படியே உறைந்துவிடும். அதனால் வீட்டுக்கு எடுத்திருந்த பைபர் லைனை நம்பித்தான் ஏற்பாடு எல்லாம். உள் அறையில் ரவுட்டர். அதிலிருந்து நீளமான வயர் ஒன்று ஹோலுக்கு வந்து, அலுமாரிக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் இருக்கும் ஒரு சின்னப் பெட்டியில் ஏறுகிறது. சுவிட்ச் என்பார்கள் — வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி லைட். அங்கிருந்து லப்டொப்புக்கு ஒரு வயர். லப்டொப்பிலிருந்து பெரிய டீவிக்கு. டீவியில் நானா!

காலையில் போட்டுப் பார்த்தோம். கண்ணாடி போலத் தெளிவு. நானா உடனே அதிகாரத்தைத் தொடங்கிவிட்டார். குவைத்தில் இருந்துகொண்டே வீட்டை ஆள்கிற மனுஷன் அவர்.

"ஜெஸீமா, அந்தக் கதிரையைத் திருப்பு. திரைச்சீலையை இழுத்து விடு. அங்க இங்க தொங்குறதையெல்லாம் ஒதுக்கு. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"ஓம்... ஓம்... செய்றேன்" என்றார் மதினி. கலியாணமான நாளிலிருந்து மதினி அவருக்கு வேறு பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னும் நாலைந்து கட்டளை போட்டுவிட்டு, "நான் குளிச்சிட்டு உடுத்திட்டு வாறேன்" என்று நானா மறைந்தார்.

மத்தியான ளுஹர் தொழுகை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வண்ணாத்திவில்லுவிலிருந்து வந்து இறங்கினார்கள். மௌலவி வந்தார். பதிவாளர் வந்தார். இருவருக்கும் அடுத்த நிக்காஹ் கற்பிட்டியில், பின்னேர அஸர் தொழுகைக்கு முன். நான் மிடுக்காக லப்டொப்பைத் தட்டினேன்.

ஒன்றும் இல்லை.

மறுபடி தட்டினேன். நடுவில் ஒரு வட்டம் சுற்றியது... சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது. என் போனில் வைஃபையைப் பார்த்தேன். வைஃபை இருக்கிறது, ஆனால் இன்டர்நெட் இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

போனைத் திரும்ப ஜன்னலோரம் வைத்ததும் அது அலறியது. குவைத்!

"என்னடா நடக்குது? நான் கோட் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்!"

"லைன் கொஞ்சம்... ரெண்டு நிமிஷம் நானா" என்று வெட்டினேன். பக்கத்தில் நின்ற உறவுக்காரப் பெண்ணிடம், "நானாட லைன் கட்டாயிட்டு" என்று வாய் தவறிச் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். சத்தியமாக அவ்வளவுதான்!

அந்தப் பேச்சு குசினி அடுப்படிக்குப் போனது. குசினியிலிருந்து பின் வாசலுக்கு. பின் வாசலிலிருந்து பந்தலுக்கு. கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் மாமா என் காதருகே வந்தார். முகம் கறுத்திருந்தது.

"பொண்ணுட வாப்பாவுக்கு இந்தச் சம்பந்தத்தில மனமில்லையாமே? கோவத்தில போனை வெட்டிட்டாராமே? முதல்லயே செல்லியிருக்கலாமே..."

யா அல்லாஹ்! நான் அனுப்பிய பேச்சு, நாலு இடம் சுற்றி, கொம்பும் வாலும் முளைத்து, என்னிடமே புதுச் செய்தியாக வந்து நிற்கிறது!

"மௌலவி, வக்கீல்தான் இரிக்கிறாரே. தொடங்கலாமே" என்றார் யாரோ. மௌலவி மணிக்கூட்டைப் பார்த்தார். சட்டத்துக்கு நானா பார்க்கவேண்டியதில்லை. நான் போதும். ஆனால் கோட் போட்டுக்கொண்டு தனியாக ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிற அந்த மனுஷனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

பெண்கள் அறைக் கதவடிக்கு ஓடினேன். பர்ஹானா உள்ளே பட்டும் நகையுமாக உட்கார்ந்திருந்தாள். நிக்காஹ் முடியும்வரை ஆண்கள் ஹோலுக்கு அவள் வரமுடியாது. விஷயத்தைச் சொன்னேன். பதறுவாள் என்று பார்த்தால்...

"சாச்சா, முதல்ல ரவுட்டரைப் பாருங்க. வெளி லைன் லைட் என்ன நிறம்?"

ஓடினேன். பார்த்தேன். ஓடி வந்தேன். "பச்சை."

"அப்ப வெளியில பிரச்சினை இல்ல. ரவுட்டர்தான் வீட்டுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில இரிக்கிற கேட். கேட் திறந்துதான் இரிக்கி. கோளாறு வீட்டுக்குள்ள. நிப்பாட்டிப் போட்டுப் பாருங்க."

நிப்பாட்டினேன். போட்டேன். ஒரு மூச்சு இன்டர்நெட் வந்தது, பிறகு பழைய கதை.

"ஹோல்ல இரிக்கிற பெட்டியில லைட் எப்படி மின்னுது?"

மறுபடி ஓடினேன். அவளுக்கும் பெட்டிக்கும் நடுவில் இப்போது நான்தான் வயர்! கேள்வியைக் கொண்டுபோகிறேன், பதிலைக் கொண்டுவருகிறேன். வேர்வையில் புதுச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"எல்லா லைட்டும் பேய் புடிச்ச மாதிரி மின்னுதும்மா!"

"எல்லாம் சேர்ந்து, ஒரே வேகத்திலயா?"

"ஓம்!"

உள்ளேயிருந்து வந்தது பாருங்கள் ஒரு சத்தம்... கதவைத் தாண்டி, ஹோலைத் தாண்டி, பந்தல்வரை கேட்டது.

"ஆரோ வயரைத் தொட்டிருக்காங்க! சாச்சா, பெட்டியில இருந்து போற ஒவ்வொரு வயரையும் விரலால தடவிக்கிட்டே போங்க. மறு முனை எங்க போகுதுன்னு பாருங்க!"

கலியாணப் பெண் இப்படிக் கத்துவதை எங்கள் பக்கத்தில் யார் கேட்டிருக்கிறார்கள்? மாப்பிள்ளையின் மாமா மௌலவியைப் பார்த்தார். மௌலவி கூரையைப் பார்த்தார். மாப்பிள்ளை மட்டும் தலையைக் குனிந்து சிரித்தமாதிரி இருந்தது.

புதுச் சாரனோடு தரையில் முழங்கால் போட்டேன். முதல் வயர் — ரவுட்டருக்கு. இரண்டாவது — லப்டொப்புக்கு. மூன்றாவதைத் தடவினேன். அலுமாரிக்குப் பின்னால் போனது. வளைந்தது. திரும்பி வந்தது. வந்து... அதே பெட்டியில், பக்கத்து ஓட்டையில் ஏறியிருந்தது! இரண்டு முனையும் ஒரே பெட்டியில்!

அது படப்பிடிப்புக்காரருக்காக மேலதிகமாக விட்டு வைத்த வயராம். காலையில் ஒரு முனை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ அதைச் செருகிவிட்டார்கள்.

"ஒரு முனையை இழுங்க" என்றாள். இழுத்தேன். லைட்டுகள் சட்டென்று அடங்கி நிதானமாக மின்னத் தொடங்கின. லப்டொப்பில் அந்தப் பாழாய்ப்போன வட்டம் நின்றது.

இவ்வளவுதானா? இவ்வளவுக்குத்தானா என் உயிர் போனது?

பிறகு அவள் எனக்கு விளங்கப்படுத்தினாள். நெட்வேர்க்கில் இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு விலாசம் உண்டாம். ஒரு விலாசம் யாருடையது என்று தெரியாவிட்டால், "இந்த விலாசக்காரர் யாரப்பா?" என்று ஒரு கேள்வி வரும். சுவிட்ச் அதை எல்லா ஓட்டை வழியாகவும் சத்தம்போட்டு அனுப்பும். உரியவர் பதில் சொல்வார், மற்றவர்கள் சும்மா இருப்பார்கள். அவ்வளவுதான். ஆனால் ஒரு வயர் வளைந்து அதே பெட்டிக்கு வந்தால், போட்ட சத்தம் அதன் காதிலேயே வந்து விழும். தான் போட்ட சத்தம் என்று அதற்குத் தெரியாது. புதுக் கேள்வி என்று நினைத்து மறுபடி எல்லோருக்கும் அனுப்பும். அதுவும் திரும்பி வரும்... கடைசியில் வீடு முழுக்க ஒரே கூச்சல். உண்மையாகக் கதைக்க வேண்டியவருக்கு இடமே இல்லை.

எனக்குக் குசினியும் பந்தலும் ஞாபகம் வந்தன. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பும் வந்தது. நாம் எல்லாம் என்ன நினைக்கிறோம்? தொடர்பு அறுந்தால்தான் ஆபத்து என்று. இங்கே ஒன்றும் அறுபடவில்லையே! எல்லாம் கூடுதலாக இணைந்து கிடந்ததுதான் வினை. இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பகீரென்கிறது.

சரி, கதைக்கு வருவோம். போன் மறுபடி அலறியது. "யாரோ வயரை மாறிச் செருகிட்டாங்க நானா, சரியாயிட்டு" என்றேன்.

"எந்த மடையன்டா அவன்?" என்று கத்தினார்.

பெண்கள் அறைக் கதவடியில் நின்ற மதினி முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

டீவியில் நானா வந்தார். கோட், தொப்பி, சிவந்த கண். மாப்பிள்ளையின் மாமாவைப் பார்த்ததும் சலாம் சொல்லி, "என்ட புள்ளையை உங்கட புள்ளைக்கு மனசு நிறைஞ்சு தாறேன்" என்றார். மாமாவின் கறுத்த முகம் மலர்ந்தது. எழுந்து டீவிக்கு முன்னால் போய் நின்று, நெஞ்சில் கைவைத்துப் பதில் சலாம் சொன்னார்.

நான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து வார்த்தையைச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல, டீவியில் நானாவின் உதடும் அசைந்தது. நான் பாதியில் நின்றுவிட்டேன். மௌலவி முதுகைத் தட்டினார். சொல்லி முடித்தேன்.

துஆப் பிரார்த்தனை முடிந்தது. ஹோலில் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். நானாவும் துடைத்தார். மூக்கைச் சிந்தினார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஹோலைச் சுற்றிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"ஜெஸீமா!" என்றார். "அந்த வயர் ஏன் திரும்பத் தொங்குது? பக்கத்து ஓட்டையில சொருகி விடு எண்டு காலையிலேயே சொன்னனா இல்லையா?"

நான் மதினியைப் பார்த்தேன். மதினி என்னைப் பார்த்து, அவரிடம் சொல்லிவிடாதே என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டினார்.

அதற்குள் மாப்பிள்ளை எழுந்துவிட்டார். பாவம், மாமனார் இடுகிற முதல் வேலை! "நீங்க இரிங்க மாமி, நான் சொருகுறேன்" என்று குனிந்து வயரைப் பிடித்தார்.

"தொடாதீங்க!"

கதவுக்குப் பின்னாலிருந்து பர்ஹானா. மனைவியாக அவள் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை.

வயரை அப்படியே விட்டுவிட்டார். பிழைத்துக்கொள்வார்!